கடுகுக்குள் ஒரு குரல்

வாங்க ராசாக்களா, வாங்க கண்ணுகளா. தள்ளி நிற்க வேண்டாம், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், தூக்கம் வந்தால் என் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள். ஒரு வாலிபால் ஆட்டக்காரனையும் அவன் காதுக்குள் இருந்த ஒரு குரலையும் பற்றிச் சொல்லப் போகிறேன். இன்னும் வராத ஒரு காலத்தில் நடக்கிற கதை இது. காலம்தான் புதுசு. மனிதர்கள் நம்மைப் போலத்தான், குழம்பில் உப்பு குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள்.

தூத்துக்குடியில் புஷ்பகனி என்று ஒருத்தி இருந்தாள். உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற பிரிவுக்கு சூப்பர்வைசர். அத்தனை இயந்திரமும் ஒன்றாக ஓடுகிற இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்கும். அவள் புருஷன்தான் தங்கப்பழம். பொருநை வேங்கைகள் அணியின் செட்டர்.

செட்டர் என்றால் யார் தெரியுமா? எதிராளி அனுப்புகிற பந்தை முதலில் ஒருவன் எடுப்பான். கடைசியில் ஒருவன் எம்பி அடிப்பான், கைதட்டல் முழுக்க அவனுக்கு. நடுவில் வருகிற இரண்டாவது பந்து செட்டருடையது. அது எவ்வளவு கோணலாக வந்தாலும் ஓடிப் போய் அடியில் நின்று, யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு உயரம் கொடுக்கலாம் என்று இமைப்பதற்குள் முடிவு செய்து, விரல் நுனியால் பூப்போலத் தூக்கிவிட வேண்டும். தங்கப்பழம் தூக்கிவிட்ட பந்து, அடிக்கிறவன் வந்து சேரும்வரை காற்றில் கொஞ்சம் காத்து நிற்கும் என்று பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கைக்கு வாய்த்த உடம்பு அப்படி இல்லை. ஒரு வருஷம் முட்டி போனது. அது ஆறி எழுந்து வந்தால் கட்டைவிரல். விரல் கூடியதும் தோள். எந்த சீசனையும் அவன் முழுசாக ஆடி முடித்ததில்லை. எதிரணி ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் அப்பளம். அவன் சர்வீஸ் போட வரும்போதெல்லாம் கேலரியில் ஒரு கூட்டம், “லேய் அப்பளம், நொறுங்கிராதல!” என்று கத்தும். தங்கப்பழம் சிரித்துக்கொள்வான். புஷ்பகனிக்குச் சிரிப்பு வராது. நொறுங்கினதைக் கூட்டி அள்ளுகிறவள் அவள்தானே. குளிப்பாட்டித் தலை துவட்டி, சோறு பிசைந்து ஊட்டி, மாத்திரைக்கு நேரம் பார்த்து எழுப்பி, எத்தனை தடவை! கடைசியாகத் தோள் கிழிந்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இனி ஒரு தடவ இந்தத் தோள் போச்சுன்னா, கையத் தூக்கித் தலை சீவக்கூட முடியாதும்மா” என்றார்.

அந்த நேரத்தில்தான் கடுகு வந்தது.

செய்த கம்பெனி அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. காதுக்குள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது என்பதால் எல்லோரும் கடுகு என்றே சொன்னார்கள். அதைக் கொண்டுவந்தவள் ஷைனி, அணியின் பொறியாளர், நாகர்கோவில் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கப்பழம் மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, அண்ணனுக்க எலும்பு, நரம்பு, தசை எல்லாத்தையும் இதுக்குப் படிச்சுக் குடுத்தாச்சு. அண்ணன் ஒரு அடி வச்சா, அடுத்த அடியில எது தாங்கும், எது தாங்காதுன்னு இதுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிரும். தாங்காதுன்னா காதுல சொல்லும்.”

“சொன்னா கேட்டுருவாவளாக்கும்? தேங்கா வாங்கிட்டு வாங்கன்னு காலையிலேர்ந்து சொல்லுதேன், அதே கேக்கல. இது சொல்லியா கேக்கப் போறாவ?”

ஷைனி சிரித்துவிட்டாள். “அங்கதான் இடிக்கி. மணி அடிச்சுப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. மிசின் குரல்ல சொல்ல வச்சோம். அது காதுல விழுந்து, புத்திக்குப் போயி, புத்தி யோசிச்சு முடிக்கதுக்குள்ள உடம்பு பாஞ்சிருது. யோசிக்காமலே உடம்பு கேக்குற குரல் ஒண்ணு வேணும். அப்பதான் கோச் சொன்னாரு. மைதானத்துல எத்தன பேரு கத்துனாலும் திரும்பாத மனுசன், கேலரியில நீங்க லேசா இருமுனா திரும்பிப் பாக்காராம்.”

புஷ்பகனிக்கு முகம் சிவந்துபோனது. முந்தானையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டாள்.

“நான் என்னத்தச் சொல்லணும்?”

“அது உங்க இஷ்டம். எப்ப சொல்லணும்னுதான் இதுக்குத் தெரியும். என்ன சொல்லணும்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

கட்டுப்போட்ட தோளோடு படுத்தும் படுக்காமலும் அவன் சாய்ந்து கிடந்த மாதங்கள் அவளுக்கு நினைவு வந்தன. ஷைனி நீட்டிய ஒலிவாங்கியில், கெஞ்சுகிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “விட்டுருங்க.”

அந்த சீசனில், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி தங்கப்பழத்தை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு ஆட்டம் முடிந்தது, நின்றான். அடுத்த ஆட்டம் முடிந்தது, அதற்கும் நின்றான். முடியாத பந்துகளைச் சும்மா விட்டான். ஒன்றிரண்டு புள்ளி போனது, ஆனால் ஆள் போகவில்லை. அப்பளம் என்று கத்துகிற கூட்டம் கத்திக் கத்தி அலுத்துப்போய் முறுக்கு தின்ன ஆரம்பித்தது.

“ஏளா கனி, அங்கயும் உன் தொந்தரவுதானா? இன்னைக்கு ஒரே ஆட்டத்துல எத்தன தடவ விட்டுருங்க, விட்டுருங்கன்னுட்ட!” என்பான் தங்கப்பழம், வீட்டுக்கு வந்ததும்.

“வீட்ல கேக்காததுக்கெல்லாம் சேத்து அங்க கேளுங்க.”

சாப்பிட்டுக்கொண்டே இருவரும் சிரிப்பார்கள். கூடச் சிரிப்பவன் இன்னொருவனும் உண்டு. புஷ்பகனியின் தம்பி சுடலைமணி. அவனும் அதே அணிதான், லிபரோ. பின்னால் நின்று தரைக்கு வருகிற பந்தையெல்லாம் விழுந்து விழுந்து எடுக்கிறவன். மற்றவர்கள் நீலச் சட்டை போட்டால் லிபரோ மட்டும் மஞ்சள் போடுவான். “அத்தானுக்கு ஒரு பொண்டாட்டி காதுல, ஒரு பொண்டாட்டி வீட்ல. குடுத்துவச்ச மனுசன்” என்று கேலி செய்வான். தங்கப்பழம் அவன் தலையில் குட்டுவான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள். வாலிபாலில் சத்தம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பந்துக்குப் போகிறவன் “எனக்கு” என்று கத்த வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். தன்னால் முடியாது என்றால் பக்கத்து ஆளின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், அவன் ஓடி வருவான். சத்தமே வரவில்லை என்றால், இரண்டாவது பந்து செட்டருடையது என்று எல்லோரும் நின்றுவிடுவார்கள். தெருவில் ஆடும் பொடிசுகளுக்கும் இது தெரியும்.

மதுரையில் ஒரு ஆட்டம். புஷ்பகனி கேலரியில் இருந்தாள். பந்து முதலில் எடுத்தவன் கையில் பட்டு எகிறி, புள்ளி எழுதுகிறவர் மேசைப் பக்கம் பறந்தது. தங்கப்பழம் அதைத் துரத்தி ஓடினான். பின்னால் நின்ற சுடலைமணி, அத்தான் போகிறார் என்று தன் இடத்திலேயே நின்றான். தங்கப்பழம் பாய்வதற்குக் காலை ஊன்றினான். ஊன்றினவன் அப்படியே நின்றுவிட்டான்.

வாய் திறக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. தன் வேலை முடிந்துவிட்டது என்கிற மாதிரி நின்றான்.

சுடலைமணி அப்போதுதான் பார்த்தான். நேரம் கடந்த பிறகு பாய்ந்தான். பந்து அவன் கைக்கு எட்டவில்லை, அவன் முட்டி போய் மேசையின் இரும்புக் காலில் மோதியது. அந்தச் சத்தம் கேலரியில் கடைசி வரிசைவரை கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கப்பழம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் புஷ்பகனி. எதிரே ஷைனி, சுவரோடு சுவராக.

“கனி, நான் கூப்பிடலியா?”

“இல்ல.”

“கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு.” அவன் தன் கைகளைப் பார்த்தபடி பேசினான். “விட்டுருங்கன்னு கேட்டுச்சு. களத்துக்குள்ள ஒரு சத்தம் கேட்டா எல்லாருக்கும் கேட்டுட்டுன்னுதான அர்த்தம்? சின்னதுலேர்ந்து அப்பிடித்தான ஆடுதோம். சத்தம் குடுத்தாச்சு, இனி மாப்ள பாத்துக்கிடுவான்னு நின்னுட்டேன். அது என் காதுக்கு மட்டும் கேட்ட சத்தம்னு இந்த உடம்புக்கு வெளங்கலியே.”

புஷ்பகனி ஷைனியை நிமிர்ந்து பார்த்தாள். “அவிய விட்டா அந்தப் பந்துக்கு வேற ஒருத்தன் போவான்னு உன் கடுகுக்குத் தெரியாதா?”

“அதுக்கு அண்ணனுக்க உடம்பு மட்டும்தான் தெரியும்கா. மத்தத அதுகிட்ட யாரும் கேக்கல.”

“நீ கேக்கலியா?”

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். “கேக்கல.”

“நானும்தான் கேக்கல” என்றாள் புஷ்பகனி.

சுடலைமணி இனி நடப்பான், மாடி ஏறுவான், ஆடமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் புஷ்பகனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“ஏக்கா, அழுது ஆஸ்பத்திரிய உப்பளமாக்கிராத. உங்க கம்பெனிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவான்.”

“என் குரல்தாம்ல உன்னய இங்க கொண்டாந்து போட்டுட்டு.”

“உன் குரலா? போக்கா.” அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டான். சிரிப்பு மெல்ல அடங்கியது. “ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாம கேளு. கடுகு வாரதுக்கு முந்தி மட்டும் அத்தான் யாரையாச்சும் கூப்பிட்டிருக்காவளா? எங்க போற பந்தா இருந்தாலும் அவியளே போவாவ, அவியளே விழுவாவ. நான் பக்கத்துலதான நிப்பேன்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ மாப்ளன்னு சத்தம் குடுத்திருந்தா பறந்து போயி எடுத்திருக்க மாட்டேனா? ஊரு அவியள அப்பளம்னு சொல்லுது. அவிய ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. எல்லார் பந்தையும் ஒத்த ஆளா எடுக்கப் போனா எந்த ஒடம்புதான் நிக்கும்?”

புஷ்பகனிக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. தோளில் கட்டோடு இருந்த நாட்களில் ஒரு மத்தியானம், அவள் பக்கத்து அறையில் இருக்கும்போதே, இடது கையால் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் மொண்டு, பாதியைத் தரையில் கொட்டி, அதைக் காலாலேயே துடைத்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன். பார்த்துவிட்டு அவள் திட்டினாள். “ஒரு குரல் குடுத்தா என்ன?” என்றாள். “சின்ன வேலதான” என்றான். அன்றைக்கு அதை அவனுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டாள்.

நிர்வாகம் வேறொரு வழி கண்டுபிடித்தது. ஒருவன் காதில் மட்டும் கடுகு இருந்ததால்தானே வினை? எல்லோர் காதிலும் வைத்துவிடுவோம் என்றார்கள். அடிக்கிறவனுக்கு அவன் அம்மா குரல், தடுக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டி குரல். கல்யாணமாகாமல், அம்மாவும் இல்லாத ஒருவன், ஒன்றாம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போய்க் குரல் வாங்கி வந்தான். ஒத்திகை அன்று புஷ்பகனியும் போயிருந்தாள்.

கோச் பந்தை உயரத் தூக்கி நடுவில் போட்டார். ஆறு பேரும் ஓடினார்கள். ஆறு பேரும் நின்றார்கள். பந்து அவர்கள் நடுவில் விழுந்து, குதித்து, உருண்டு, யாருடைய கால் பக்கத்திலோ போய் ஓய்ந்தது.

“என்னலே?” என்றார் கோச்.

“எங்க டீச்சர் உக்காருன்னுட்டாவ சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். கோச் மறுபடி போட்டார். மறுபடி ஆறு பேரும் நின்றார்கள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. கோச் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “எல்லாரும் பத்திரமா இருக்கீங்கடே. ஆட்டத்தத்தான் காணோம்” என்றார்.

மற்றவர்கள் கடுகைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். தங்கப்பழத்துக்கு மட்டும் அது இல்லாமல் களத்தில் இடம் இல்லை என்று நிர்வாகம் கறாராகச் சொன்னது. அவன் தோளுக்கு அவர்கள் பொறுப்பேற்க முடியாதாம். இறுதி ஆட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. தங்கப்பழம் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை, சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “இதோட போதும்னு இருக்கு கனி” என்று ஒருநாள் சொன்னான். “பந்துக்குப் போனா உன்னய நெனச்சு பயம். விட்டா மாப்ளய நெனச்சு பயம்.”

புஷ்பகனி ஷைனியைத் தேடிப் போனாள்.

“நான் சொன்னத அழிச்சிட்டு வேற சொல்லணும்.”

ஷைனி பதறினாள். “அக்கா, விட்டுருங்கன்னு இருக்கதுதான் பத்திரம். பொறியாளராச் சொல்லுதேன்.”

“பத்திரம்தான் ஷைனி. யாருக்கு?”

ஷைனி ஒலிவாங்கியை நகர்த்தி வைத்தாள். அதன் முன்னால் புஷ்பகனி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேறு ஒரு வார்த்தை சொல்லி, அவன் தோள் போய்விட்டால்? காலமெல்லாம் அந்தத் தலையை அவள்தான் சீவ வேண்டும். சீவலாம். ஆனால் ஆட்டம் போன புருஷனை எதைக் கொண்டு தேற்றுவது? கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கெஞ்சலை ஒதுக்கிவிட்டு, இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கிற அந்தக் கம்பெனிக் குரலில் சொன்னாள்:

“கூப்பிடுங்க!”

இறுதி ஆட்டம் திருநெல்வேலியில். கேலரியில் புஷ்பகனி பக்கத்தில் சுடலைமணி, கைத்தடியோடு. ஆளுக்கு இரண்டு செட் எடுத்து, ஐந்தாவது செட் நடந்துகொண்டிருந்தது. எதிராளி அடித்த அடியில் பந்து ஒருவன் கையில் பட்டு, பின்பக்கம் வெகுதூரம் எகிறியது. தங்கப்பழம் திரும்பி ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் வலது கை பின்னால் நீண்டது. அந்தத் தோள். கிழிந்து தைத்த அதே தோள். புஷ்பகனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சுக்கூட வெளியே வரவில்லை.

“மாப்ளே!”

அரங்கம் முழுக்கக் கேட்டது. தங்கப்பழத்தின் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் கைத்தடி விழுகிற சத்தம். புஷ்பகனி திரும்பிப் பார்த்தாள். சுடலைமணி எழுந்து நின்றுவிட்டான். நல்ல காலில் உடம்பைத் தாங்கி, இரண்டு கையையும் முன்னால் கோத்து நீட்டி, பந்து கேலரிக்கே வரப்போகிற மாதிரி குனிந்து நின்றான்.

கீழே, மஞ்சள் சட்டை போட்டிருந்த புதுப் பையன் அந்தக் குரலுக்கு ஓடிப் போய்ப் பந்தை எடுத்தான். அடித்தார்கள். புள்ளி விழுந்தது. அரங்கம் எழுந்து கத்தியது.

சுடலைமணி மெல்ல உட்கார்ந்தான். கண் நிறைந்து வழிந்தது, வாய் சிரித்தது.

“கூப்பிட்டுட்டாவக்கா. இத்தன வருசமும் விட்டுட்டு, இப்ப போயிக் கூப்பிடுதாவ பாரு, மனுசன்.”

அந்தப் புள்ளி கிடைத்தும் ஆட்டம் தோற்றுத்தான் போனது. கதை சொல்கிறவள் நினைத்தால் ஜெயிக்க வைக்கலாம், ஆனால் எதிரணியும் நன்றாகத்தான் ஆடியது. தங்கப்பழம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வெளியே நடந்து வந்தான். வாசல் படிமேல் தம்பியோடு காத்து நின்ற புஷ்பகனி முதலில் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

பின்னாலேயே ஷைனி ஓடி வந்தாள். உள்ளங்கையில் கடுகு.

“அக்கா, இப்பதான் எடுத்துப் பாத்தேன். வேர்வ எறங்கி, முதல் செட்டு முடியதுக்கு முன்னாலயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அண்ணனுக்கு ஒரு வார்த்தகூடப் போகல. கடவுளே, அந்தப் பந்துக்கு அண்ணன் எந்தக் காவலும் இல்லாமத்தான் ஓடியிருக்காரு.”

“என்ன சொல்லுத நீ?” தங்கப்பழம் காதைத் தொட்டுப் பார்த்தான். “எனக்குக் கேட்டுச்சே. கூப்பிடுங்கன்னு, தெளிவாக் கேட்டுச்சு.” மனைவி பக்கம் திரும்பினான். “நீதான மேலேர்ந்து கத்துன?”

“நான் வாயப் பொத்திக்கிட்டுல்லா இருந்தேன்!”

ஷைனி கடுகை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.

“சரி, யாரு சொன்னா என்ன?” என்றான் சுடலைமணி. “எனக்குப் பசிக்கி. அத்தான், கையக் குடுங்க, படி எறங்கணும்.”

தங்கப்பழம் கை கொடுத்தான். ஒரு படி இறங்கினவன் நின்றான்.

“எனக்கும் முட்டி லேசா நோவுது மாப்ள” என்றான். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, “ஏளா கனி, இந்தப் பக்கம் வந்து என்னயப் புடியேன்” என்றான்.

அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

நீங்களும் எழுந்திருங்கள் கண்ணுகளா, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க என்றைக்கும் ஓர் ஆள் இருக்கட்டும். கூப்பிடுவதற்கு உங்கள் வாய்க்குக் கூச்சம் வராமல் இருக்கட்டும். கை கால் சுகத்தோடு, பிள்ளை குட்டிகளோடு, ஒரே பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு, எல்லோரும் நல்லா இருங்க.